லாக்கரைத் திறந்தது யார்?

கல்லூரி போகிற பிள்ளை வீட்டில் இருப்பவர்களுக்கு முதலிலேயே ஒரு எச்சரிக்கை. பிள்ளை 'மீடியா' படிக்கிறது என்றால், என்றைக்காவது ஒருநாள் உங்கள் வீட்டு ஹால் ஷூட்டிங் ஸ்பாட் ஆகிவிடும். சோபா இடம் மாறும். ஃபேனை நிறுத்தச் சொல்வார்கள். குக்கர் வைக்காதே என்பார்கள். நீங்கள் சொந்த வீட்டில் பாத்ரூமுக்குப் போவதற்குக் கூட "கட்" சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். நான் இருந்திருக்கிறேன் :-)

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் இங்கே புனேயில் ஒரு கல்லூரியில் மாஸ் மீடியா படிக்கிறாள். 2024-ல், முதல் வருடத்தில், அவர்கள் வகுப்புக்கு ஒரு குழு புராஜெக்ட் கொடுத்தார்கள். ஒரு த்ரில்லர் படத்தின் தொடக்கத்தை எடுத்துவர வேண்டும். முழுப் படம் அல்ல, குறும்படமும் அல்ல. இப்படி ஒரு படம் இருந்தால் அதன் முதல் இரண்டு நிமிடம் எப்படி இருக்கும், அதை மட்டும். சட்டதிட்டங்கள் இவை:

1. இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒரு நொடி கூடக் கூடாது.
2. அதற்குள் டைட்டில் வர வேண்டும். படத்தின் பெயர், எடுத்தவர்கள் பெயர் எல்லாம்.
3. சினிமாப் பாட்டையோ பின்னணி இசையையோ உருவக் கூடாது. சத்தம் எல்லாம் சொந்தமாகப் பதிந்தது, அல்லது உரிமத்தோடு இலவசமாகக் கிடைப்பது.
4. குழுவுக்கு ஐந்து பேர். பாதி மதிப்பெண் படத்துக்கு, மீதி ஒவ்வொருவரும் தனியாக எழுதும் அறிக்கைக்கு.

நான் பி.காம். படித்த காலத்தில் புராஜெக்ட் என்றால் லாங் சைஸ் நோட்டில் டேலி ஆகாத பேலன்ஸ் ஷீட். இந்தப் பிள்ளைகளுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இரண்டு நிமிடம் என்பது எவ்வளவு கஷ்டம் என்பது கூட இருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

கத்தி, இருட்டு, ஓட்டம்

முதல் கூட்டம் எங்கள் வீட்டு ஹாலில். ஐந்து பேரில் ஒருவன் கேமரா, மராட்டிப் பையன். ஒரு மலையாளிப் பெண் இயக்கம். நாக்பூர்ப் பெண் ஒருத்தி டைட்டிலும் மற்ற ஏற்பாடுகளும். என் மகள் எழுத்தும் எடிட்டிங்கும். ஐந்தாவது பையன் வரவே இல்லை. அவனைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதலில் பேசிய கதை: இரவு. ஒரு பெண் தனியாக நடக்கிறாள். பின்னால் தொப்பி போட்ட ஒருவன். அவள் வேகமாக நடக்கிறாள், அவனும் வேகமாக நடக்கிறான். ஓடுகிறாள். கத்தி பளபளக்கிறது. அலறல். திரை கறுப்பாகிறது. படத்தின் பெயர் சிவப்பு எழுத்தில்.

மலையாளிப் பெண் கணக்குப் போட்டுச் சொன்னாள். சீனியர்கள் எடுத்த எட்டுப் படங்களில் ஐந்து இதேதானாம். அதில் இரண்டில் கத்தியும் ஒரே கத்தி. ஹாஸ்டல் மெஸ் கத்தி.

வகுப்பில் அவர்களுக்கு ஹிட்ச்காக் சொன்ன வெடிகுண்டு உதாரணத்தைப் பாடமாக எடுத்திருந்தார்கள். இரண்டு பேர் மேஜையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள், திடீரென்று குண்டு வெடிக்கிறது. பார்ப்பவர்களுக்குச் சில நொடி அதிர்ச்சி, அவ்வளவுதான். அதே மேஜைக்கு அடியில் குண்டு இருப்பதை நமக்கு முதலிலேயே காட்டிவிட்டால்? அவர்கள் கிரிக்கெட் பற்றிப் பேசினாலும் நமக்கு வயிற்றைக் கலக்கும். முதலாவது அதிர்ச்சி, இரண்டாவது பதைப்பு. த்ரில்லருக்கு வேண்டியது இரண்டாவது. ஆர்சன் வெல்ஸ் 1958-ல் எடுத்த 'டச் ஆஃப் ஈவில்' படத்தில் இதை அப்படியே பார்க்கலாம். முதல் காட்சியிலேயே ஒருவன் காரில் குண்டு வைக்கிறான். அந்தக் கார் ஊருக்குள் ஊர்ந்து போவதை மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரே ஷாட்டில் காட்டுவார்.

நான் என் பங்குக்கு 'அந்த நாள்' போட்டுக் காட்டினேன். ஏவி.எம். தயாரிப்பு, எஸ். பாலசந்தர் இயக்கம், 1954. பாட்டே இல்லாத தமிழ்ப் படம். எடுத்த எடுப்பிலேயே துப்பாக்கி வெடித்து சிவாஜி செத்து விழுவார். படத்தின் நாயகனே முதல் காட்சியில் காலி! யார் சுட்டது என்பதுதான் மீதிப் படம். தமிழ் தெரியாத மூன்று பிள்ளைகளும் முதல் காட்சியை வாயைத் திறந்து பார்த்தார்கள். "அங்கிள், அடுத்து என்ன?" என்றார்கள். "வேலை முடிந்ததும் பாருங்கள்" என்று லேப்டாப்பை மூடிவிட்டேன். தொடக்கம் என்றால் அதுதானே?

கேமராப் பையன் விடவில்லை. நம்ம ஊர்க் கதையைப் பாருங்கள் என்று 'அந்தாதுன்' (2018) போட்டான். ஸ்ரீராம் ராகவன் புனே திரைப்படக் கல்லூரியில் படித்தவர், கதை நடப்பதும் புனேயில்தான். அது ஒரு முட்டைக்கோஸ் தோட்டத்தில் முயலைத் துரத்துவதில் ஆரம்பிக்கிறது. கதைக்கும் முயலுக்கும் என்ன சம்பந்தம் என்பது கடைசிவரை தெரியாது. "ஓட்டம் இல்லாமல் த்ரில்லர் இல்லை" என்பது அவன் கட்சி.

லாக்கர்

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது மகள் கேட்டாள். "அப்பா, உங்க பேங்க்ல பயப்படுற மாதிரி ஏதாவது நடக்குமா?"

"ஆடிட் நடக்கும்" என்றேன். தங்கமணி முறைத்தாள்.

பிறகு லாக்கரைப் பற்றிச் சொன்னேன். படிக்கிறவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கேயும் சொல்கிறேன். லாக்கருக்கு இரண்டு சாவி. ஒன்று வங்கியிடம், ஒன்று உங்களிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். உங்கள் சாவிக்கு வங்கியிடம் நகல் கிடையாது. தொலைத்துவிட்டால் உங்கள் செலவில், உங்கள் முன்னால், உடைத்துத்தான் திறக்க வேண்டும். உள்ளே என்ன வைத்திருக்கிறீர்கள் என்பது வங்கிக்குத் தெரியாது. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் லாக்கர் விதிகளைத் திருத்தியது. 2022 ஜனவரி 1 முதல் அவை நடைமுறைக்கு வந்தன. அதன்படி பெட்டக அறைக்குள் யார் போனார்கள், வந்தார்கள் என்ற சிசிடிவி பதிவைக் குறைந்தது 180 நாள் வைத்திருக்க வேண்டும். தீ, திருட்டு, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி போன்றவற்றில் பொருள் போனால், வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு. அப்புறம் லாக்கர் திறக்கப்பட்டால் அன்றைக்குள் வாடிக்கையாளருக்கு எஸ்.எம்.எஸ். போக வேண்டும். தேதி, நேரத்தோடு.

மகள் சாம்பாரில் கையை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

"நாம திறக்காமலே அந்த மெசேஜ் வந்தா?"

"வராது."

"வந்தா?"

"சாவி நம்மகிட்டதானே இருக்கு, எப்படி வரும்?"

"அதாம்ப்பா!" என்று எழுந்து போய்விட்டாள். சாதம் பாதி அப்படியே கிடந்தது.

மறுநாள் கதை தயார். ஒரு வயதான பெண்மணி வீட்டில் தனியாக இருக்கிறாள். லாக்கர் சாவி அவள் இடுப்பில் செருகியிருக்கிறது. பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். போன் அதிர்கிறது. 'இன்று 11.42-க்கு உங்கள் லாக்கர் திறக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் செய்தி. பார்க்கிற நமக்குப் புரிகிறது. அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. அவள் மறுபடி பீன்ஸ் நறுக்குகிறாள். அழைப்பு மணி அடிக்கிறது. "யாரு?" என்கிறாள். பதில் இல்லை. திரை கறுப்பாகிறது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேஜைக்கு அடியில் குண்டு! ஒரு துளி ரத்தம் இல்லாமல்.

உடனே அடுத்த கோரிக்கை வந்தது. "அங்கிள், உங்க ஸ்ட்ராங் ரூம்ல ஒரே ஒரு ஷாட்." முடியாது என்றேன். அவர்கள் கெஞ்சினார்கள், மறுபடியும் முடியாது என்றேன். எந்த வங்கியிலும் முடியாது, முடியவும் கூடாது. மலையாளிப் பெண் கொஞ்ச நேரம் யோசித்து, "லாக்கரைக் காட்டவே வேண்டாம். சாவியை மட்டும் காட்டினால் போதும். பார்ப்பவர்கள் மனசுக்குள் லாக்கரைத் திறந்துகொள்வார்கள்" என்றாள். அந்தப் பெண் பெரிய ஆளாக வருவாள், பாருங்கள்.

ஆச்சி

வயதான பெண்மணிக்கு எங்கே போவது? எல்லோர் கண்ணும் ஒரே இடத்துக்குப் போனது. என் அம்மா. மகளுக்கு ஆச்சி. எனக்கும் இந்தப் பதிவு முடியும்வரை ஆச்சி.

ஆச்சிக்கு எழுபத்து மூன்று வயது. திருநெல்வேலிப் பக்கம். அப்பா போனபிறகு 2021-ல் எங்களோடு வந்துவிட்டாள். தமிழ் நன்றாக வாசிப்பாள். இந்தி, மராட்டி, ஆங்கிலம் மூன்றும் ஒன்றுதான், அதாவது பூஜ்யம்.

"ஏட்டி, உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா? எனக்கு நடிக்கத் தெரியாதுட்டி."

"நடிக்க வேண்டாம் ஆச்சி. பீன்ஸ் நறுக்கினா போதும்."

"பீன்ஸ் நறுக்கதுக்கு என்னத்துக்குப் படம் புடிக்கணும்?"

கடைசியில், "சேலை நான் கெட்டுறதத்தான் கெட்டுவேன். வெள்ளச் சேலை, மூஞ்சியில மை, அதெல்லாம் ஆவாது" என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டாள்.

ஷூட்டிங் ஒரு சனி, ஞாயிறு. வெளியே புனே மழை. ஐந்தாவது பையன் வரவில்லை. என் மகளுக்குக் கோபமான கோபம். டைட்டிலில் அவன் பெயரைப் போட மாட்டேன் என்று காலையிலேயே அறிவித்துவிட்டாள்.

கேமரா என்பது செல்போன்தான். முதல் பிரச்சினை டியூப் லைட். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக்கு வைத்த டியூப் லைட் நம் கண்ணுக்குத் தெரியாமல் நொடிக்கு 100 தடவை மினுங்குகிறது. போன் வழக்கம்போல் நொடிக்கு 30 ஃபிரேம் எடுத்தால் படத்தில் கோடு கோடாக ஓடுகிறது. கேமராப் பையன் 25 ஃபிரேம், ஷட்டர் 50-ல் ஒரு பங்கு என்று மாற்றியதும் கோடு போய்விட்டது. முகத்துக்குப் பக்கத்தில் போனை வைத்தால் மூக்கு பெரிதாகத் தெரிகிறது என்று தள்ளி வைத்துக்கொண்டான். வெளிச்சத்தைப் பூட்டி வைத்தான். இல்லாவிட்டால் ஆச்சி கையை அசைக்கும்போதெல்லாம் படம் இருண்டு வெளுக்கும். பத்தொன்பது வயதில் இதையெல்லாம் தானாகக் கற்றிருக்கிறான். எனக்கு அவன்மேல் தனி மரியாதை வந்துவிட்டது.

இரண்டாவது பிரச்சினை திசை. மணி அடித்ததும் ஆச்சி வலப்பக்கம் திரும்புகிறாள். அடுத்த ஷாட்டில் கதவைக் காட்ட வேண்டும். இவர்கள் ஆச்சியின் இந்தப் பக்கம் நின்று ஒன்றும், அந்தப் பக்கம் போய் நின்று ஒன்றும் எடுத்துவிட்டார்கள். ஒட்டிப் பார்த்தால் ஆச்சி கதவைப் பார்க்காமல் ஃபிரிட்ஜைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது! ஆச்சிக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டுமாம், கேமரா அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாதாம். ஞாயிற்றுக்கிழமை மறுபடி எடுத்தார்கள். அதற்காக வாங்கிய பீன்ஸ் மொத்தம் இரண்டு கிலோ. ஒரு வாரம் எங்கள் வீட்டில் பீன்ஸ் பொரியல், பீன்ஸ் உசிலி, பீன்ஸ் சாம்பார். நிற்க.

மூன்றாவதுதான் முக்கியமானது. செய்தி வருகிற ஷாட். மலையாளிப் பெண், "ஆச்சி, போனைப் பார்த்ததும் கொஞ்சம் பயப்படுங்க" என்றாள். மகள் மொழிபெயர்த்தாள்.

ஆச்சி கத்தியைக் கீழே வைத்தாள். "ஏட்டி, இந்தப் பொம்பளைக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாதுன்னுதானே சொன்னீங்க?"

"ஆமா ஆச்சி."

"வாசிக்கத் தெரியாதவ எதுக்குட்டி பயப்படணும்?"

ஹாலில் ஒருத்தரும் பேசவில்லை. மகள் இந்தியில் சொன்னாள். மலையாளிப் பெண் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். மூன்று வாரம் எழுதி, படம் வரைந்து, ஷாட் ஷாட்டாகத் திட்டம் போட்டவர்கள் யாருக்கும் இது தோன்றவில்லை.

"சரி ஆச்சி, நீங்களே செய்யுங்க. நிஜமா உங்களுக்கு ஒரு மெசேஜ் வந்தா என்ன செய்வீங்களோ, அதை."

ஆச்சி போனை எடுத்தாள். கையை நீட்டித் தூரமாக வைத்துப் பார்த்தாள். எழுத்தைப் பார்க்கவில்லை, நம்பர் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள். பிறகு போனைக் கவிழ்த்து, பக்கத்தில் மடித்து வைத்திருந்த பேப்பருக்கு அடியில் தள்ளிவிட்டு, மறுபடி பீன்ஸை எடுத்தாள். அவ்வளவுதான். ஒரே டேக்.

"கட்" சொன்னபிறகு மகள் மெதுவாகக் கேட்டாள். "ஆச்சி, நெஜமாவே இப்படித்தான் செய்வியா?"

"ஆமாட்டி. சாயங்காலம் உங்கப்பன் வந்ததும் எடுத்துக் காட்டுவேன். பென்சன் வந்துருக்கா, கரண்டு பில்லா, இல்ல சும்மா கடன் வேணுமான்னு கேக்கானா, அவன் வாசிச்சுச் சொல்லுவான். அதுவரைக்கும் அது அங்கன கெடக்கும்."

"நாள் பூராவுமா?"

"நாள் பூராவுந்தான். அதுல என்ன இருக்கோன்னு இருக்கத்தான் செய்யும். என்ன பண்ண?"

நான் தினமும் ஏழரை மணிக்கு வீட்டுக்கு வந்து வாசித்துச் சொல்கிற செய்திகள்தான். சாவி கழற்றி வைப்பது, செருப்பு விடுவது போல அதுவும் ஒரு வேலை. அந்தப் பேப்பருக்கு அடியில் ஒரு முழுப் பகல் கிடக்கிறது என்பதை மகள் அன்றைக்குத்தான் பார்த்தாள். அவளும் அதே வீட்டில், பக்கத்து அறையில், நாளெல்லாம் போனும் கையுமாக இருப்பவள்தான்.

மௌனத்தைப் பதிவு செய்தல்

ஐந்தாவது பையன் திங்கட்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து நின்றான். சனி, ஞாயிறு முழுக்க அவன் மாமாவின் மொபைல் கடையில் வேலை. போனால்தான் ஃபீஸ் கட்ட முடியும். இதைச் சொல்ல வெட்கப்பட்டு, போனை எடுக்காமல் இருந்திருக்கிறான். மகள் ஒன்றும் சொல்லவில்லை. தங்கமணிதான் தோசை வார்த்துக் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டு, "சத்தம் எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன்" என்றான்.

சும்மா சொல்லக் கூடாது. பார்த்துக்கொண்டான். தினமும் ராத்திரி வந்தான். எங்கள் ஸ்டீல் பீரோவின் கதவு, பூட்டு, கைப்பிடி மூன்றையும் தனித்தனியாகப் பதிந்தான். சாவிக் கொத்தைத் துணியில் சுற்றி ஒன்று, சுற்றாமல் ஒன்று. கத்தி பலகையில் படுகிற சத்தம், பீன்ஸ் ஒடிகிற சத்தம். போன் அதிர்வதை மர மேஜைமேல் வைத்துப் பதிந்தான். காதில் அது நிஜத்தை விடப் பயமாக இருந்தது.

ஒருநாள் எல்லோரையும் ஒரு நிமிடம் அசையாமல் உட்காரச் சொன்னான். ஆள் பேசாத அறைக்கும் ஒரு சத்தம் உண்டாம். அதைத் தனியாகப் பதிந்து அடியில் ஓடவிட்டால்தான் வெட்டி ஒட்டிய இடங்கள் காதுக்குத் தெரியாது. ஒரு நிமிடம் முடிந்ததும் ஆச்சி, "சும்மா இருக்கதயா பதிவு பண்ணுதான் இந்தப் பய?" என்றாள். மலையாளிப் பெண் உடனே, "ஆஸ்கார் வாங்கின ரசூல் பூக்குட்டி படிச்சது இந்த ஊர்ல, லா காலேஜ் ரோட்டுல" என்று பெருமையாகச் சொன்னாள். உண்மைதான். பழைய பிரபாத் ஸ்டூடியோ இருந்த இடத்தில் 1960-ல் தொடங்கிய திரைப்படக் கல்லூரியில்தான் அவர் ஒலிப்பதிவு படித்தார். எங்கள் பையன் அந்த வாசலைத் தாண்டித்தான் தினமும் கடைக்குப் போகிறான்.

சண்டை

எடிட்டிங் டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளில். இலவசப் பதிப்பே போதும். வெட்டி ஒட்டிப் பார்த்தால் மூன்று நிமிடம் ஐந்து நொடி. அறுபத்தைந்து நொடியை எங்கே வெட்டுவது?

கேமராப் பையன் வேதாள் டேக்டி மலையில் மூன்று நாள் விடியற்காலையில் போய் ஓட்டக் காட்சி எடுத்திருந்தான். ஒருவன் பையோடு மலையிலிருந்து இறங்கி ஓடுகிறான். லாக்கரைத் திறந்தவன் என்று வைத்துக்கொள்ளலாம். பனி மூட்டம், ஈரப் பாறை, பின்னால் ஊர். பிரமாதமாக இருந்தது. அதன் நீளம் சரியாக ஒரு நிமிடம்.

மகள் அதை எடுத்துவிடலாம் என்றாள். அவன் வெடித்தான். "உங்க வீடு, உங்க பாட்டி, உங்க அப்பா சொன்ன கதை. படத்துல வர்ற ஒரே வார்த்தையும் உங்க தமிழ். இதுல எனக்குன்னு என்ன இருக்கு?"

போனை வைத்துவிட்டான். இரண்டு நாள் பேச்சு இல்லை. மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நான் அவள் பக்கம் பேசப் போனேன். தங்கமணி தடுத்தாள். "அவன் சொல்றதுல நியாயம் இருக்கு. நம்ம பொண்ணு யோசிக்கட்டும், விடுங்க."

எனக்கும் யோசனையாகத்தான் இருந்தது. வேலைக்காக வெளி மாநிலத்தில் இருக்கிற நமக்கு, நம் பிள்ளை எந்தக் கூட்டத்தில் இருந்தாலும் ஒரு ஓரத்தில் நிற்கிறதோ என்று கவலைப்பட்டுத்தான் பழக்கம். ஸ்கூல் ஆண்டுவிழாவில் எல்லோரும் லாவணி ஆடும்போது கடைசி வரிசையில் நிற்கிற நம் குழந்தையைத்தான் தேடியிருக்கிறோம். இங்கே கூட்டமே எங்கள் வீட்டுக்குள் வந்து, அந்த ஊர்ப் பையன் ஓரத்தில் நிற்கிறான்.

வழி கண்டுபிடித்தது ஐந்தாவது பையன். "ஓட்டத்தைக் கண்ணுக்குக் காட்ட வேண்டாம். காதுக்குக் கொடுப்போம்" என்றான். மலையில் பதிவான காலடிச் சத்தமும் மூச்சிரைப்பும் எடுத்து, ஆச்சி பீன்ஸ் நறுக்கும் ஷாட்டுக்கு அடியில் மெல்ல ஓடவிட்டான். திரையில் அமைதியாக ஒரு அடுப்படி. காதில் யாரோ ஓடி வருகிறான், கிட்டே வருகிறான். மணி அடிக்கிறது. ஓட்டம் நிற்கிறது.

மறுநாள் கேமராப் பையன் வந்து பார்த்தான். ஹெட்போனைக் கழற்றாமல் மூன்று தடவை பார்த்தான். பிறகு மவுஸை மகளிடமிருந்து வாங்கி, மலைக் காட்சிகளை அவனே ஒவ்வொன்றாக எடுத்தான். ஒன்றை மட்டும் வைத்தான். விடிகிற நேரத்தில் மலைமேலிருந்து தெரிகிற புனே, ஐந்து நொடி. படத்தின் முதல் ஷாட் அது. அதன்மேல்தான் முதல் டைட்டில் வருகிறது. ஐந்து பெயரும் டைட்டிலில் இருந்தன, அகர வரிசையில். மொத்தம் ஒரு நிமிடம் ஐம்பத்தெட்டு நொடி.

திரையிடல்

வகுப்பில் போட்டபோது நான் இல்லை. மகள் சொல்லிக் கேட்டதுதான். மற்றப் படங்களுக்குக் கைதட்டல் பலமாம். இதற்கு மணி அடித்ததும் வகுப்பே வாசல் கதவைத் திரும்பிப் பார்த்ததாம். அதை விட வேறு மதிப்பெண் எதற்கு? (வந்த மதிப்பெண்ணும் நன்றாகவே இருந்தது. டைட்டில் எழுத்து சின்னதாக இருக்கிறது என்று கொஞ்சம் குறைத்தார்களாம்.)

ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டாராம். அந்தப் பாட்டி கடைசியில் "யாரு" என்கிறாரே, அதற்கு ஏன் சப்டைட்டில் போடவில்லை?

பதில் சொன்னது கேமராப் பையன். "அவங்களுக்கு வந்த மெசேஜ் அவங்களுக்குப் புரியல சார். அவங்க கேக்கறது நமக்குப் புரியல. கணக்கு சரியாப் போச்சு."

மகள் அதைச் சொல்லும்போது அவள் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. தனி அறிக்கையில் அவள் எழுதியது கேமராவைப் பற்றியோ எடிட்டிங் பற்றியோ அதிகம் இல்லை. பேப்பருக்கு அடியில் கிடக்கிற போனைப் பற்றித்தான் இரண்டு பக்கம். எனக்குக் காட்டினாள். ஆச்சிக்கும் தமிழில் சொல்லிக் காட்டினாள், திக்கித் திக்கி. இப்போது நான் ஏழரை மணிக்கு வரும்போது பேப்பருக்கு அடியில் ஒன்றும் இருப்பதில்லை. மகள் மத்தியானமே வாசித்துச் சொல்லிவிடுகிறாள். என் வேலைகளில் ஒன்று குறைந்தது.

என்னைப் போல் வயதான பெற்றோரை ஊர்விட்டு ஊர் கூட்டிவந்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு வங்கிக்காரனாக இரண்டு வார்த்தை. அவர்களுக்கு வருகிற செய்தியை அன்றன்றைக்கு யாராவது வாசித்துச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாத செய்தியைத் தப்பு ஆள் வாசித்துச் சொன்னால்தான் ஆபத்து. போனில் "உங்கள் கணக்கு முடங்கிவிட்டது" என்று தமிழில் இனிமையாகப் பேசுகிறவனை அவர்கள் எளிதில் நம்பிவிடுவார்கள். ஓ.டி.பி. எண்ணை வங்கி கேட்காது, போலீஸ் கேட்காது, பேரன் மாதிரிப் பேசுகிறவனுக்கும் சொல்லக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லிவையுங்கள். பணம் போய்விட்டால் யோசித்துக்கொண்டு உட்காராமல் உடனே 1930-க்கு அடியுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் கை மாறுவதற்குள் தடுத்து நிறுத்துவதற்கு முதல் சில மணி நேரம்தான் முக்கியம்.

பிள்ளைகளின் படத்தை ஆச்சிக்கு டிவியில் போட்டுக் காட்டினோம். ஐந்து பேரும் வந்திருந்தார்கள். பஜ்ஜி, காபி. தன்னைத் திரையில் பார்த்து ஆச்சி வெட்கப்படுவாள் என்று எதிர்பார்த்தோம். அவள் தன்னைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. முந்தானையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை கண் எடுக்காமல் பார்த்தாள். திரை கறுப்பானதும் சிறிது நேரம் காத்திருந்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள்.

"மிச்சம் எங்கட்டி?"

"அவ்வளவுதான் ஆச்சி. தொடக்கம் மட்டும்தான் எடுக்கச் சொன்னாங்க."

"சரி. அந்த லாக்கரத் தொறந்தவன் யாரு?"

மகள் மலையாளிப் பெண்ணைப் பார்த்தாள். அவள் கேமராப் பையனைப் பார்த்தாள். ஐந்து பேருக்கும் தெரியவில்லை. ஒருவரும் அதுவரை யோசிக்கவே இல்லை.

ஆச்சி விடுவதாக இல்லை. இன்றைக்கும் அந்தப் பிள்ளைகளில் யார் வீட்டுக்கு வந்தாலும் காபி கொடுத்துவிட்டு முதல் கேள்வி அதுதான். "ஏலே, எவம்லே தொறந்தான்?" தமிழ் தெரியாத கேமராப் பையனுக்குக் கூட இப்போது அந்தக் கேள்வி மட்டும் நன்றாகப் புரிகிறது.